கில்மோரோட புது ஆல்பமா பழைய ஆல்பமா, எதுல ஆரம்பிக்கணும்?

நீங்க கேட்டது இதுதான். பிங்க் ஃபிளாய்ட் பேண்டோட கிட்டாரிஸ்ட் டேவிட் கில்மோரோட சோலோ ஆல்பம் 'லக் அண்ட் ஸ்ட்ரேஞ்ச்' வந்ததுலேந்து ரசிகர்கள் ரெண்டு கட்சியா பிரிஞ்சு நிக்கிறாங்க, ஒரு கட்சி ஃபிளாய்டோட 1973 ஆல்பம் 'டார்க் சைட் ஆஃப் தி மூன்'க்கு அப்புறம் இதான் பெஸ்ட்டுங்குது, இன்னொரு கட்சி தூக்கம் வருது, கிட்டார் சோலோ கம்மி, பொண்ணப் பாட விட்டுட்டாருங்குது, இதுல எது சரி, அவரோட பழைய சோலோ ஆல்பங்கள எந்த வரிசைல கேக்கலாம்னு. கொஞ்சம் நீளமாவே சொல்றேன், ஏன்னா இந்த அஞ்சு ஆல்பத்தையும் வருஷக்கணக்கா திரும்பத் திரும்பக் கேட்டிருக்கேன், இதப் பத்திப் பேச ஆரம்பிச்சா எனக்கு சுருக்கமா முடிக்க வராது.

மொதல்ல அந்த 'டார்க் சைடுக்கு அப்புறம் பெஸ்ட்' பேச்ச முடிச்சிடுவோம். அது ரசிகர்கள் கிளப்பிவிட்டது இல்ல, ஆல்பம் வர்ற சமயத்துல அவரே பேட்டில சொன்னது, 1973-க்கு அப்புறம் தான் பண்ணதுலயே இதுதான் சிறந்ததுன்னு. எனக்கு அது ஒப்பல. 1975-ல 'விஷ் யூ வேர் ஹியர்' இருக்கு, 1977-ல 'அனிமல்ஸ்' இருக்கு, அந்த ரெண்டுக்கும் மேல இத வைக்க எனக்கு மனசு வராது. ஆனா அவரோட சோலோ ஆல்பத்துல எது டாப்புன்னு கேட்டா யோசிக்காம இதத்தான் சொல்லுவேன். அது ஏன்னு சொன்னாத்தான் பழைய ஆல்பங்களும் புரியும்.

கில்மோர்கிட்ட மெட்டுக்கும் டோனுக்கும் என்னைக்குமே பஞ்சம் இருந்ததில்ல. தூக்கத்துல எழுப்பி கிட்டாரக் கைல குடுத்தாலும் ஒரு அழகான மெலடி வந்து விழும். அவருக்கு எப்பவும் தேவைப்பட்டது எதிர்ல உக்காந்து 'இது எதுக்கு?', 'இது வேணாமே'ன்னு கேக்குற ஒரு ஆளு. ஃபிளாய்ட்ல அந்த வேலைய பேஸ் வாசிச்சு பெரும்பாலான வரிகள எழுதின ரோஜர் வாட்டர்ஸ் பண்ணாரு, அதுல பாதி கசப்பாவே போச்சு, ஆனா பாட்டு நிமிர்ந்து நின்னுச்சு. சோலோ ஆல்பங்கள்ல அந்த நாற்காலி பெரும்பாலும் காலியாவே இருந்துச்சு. இந்தத் தடவைதான் அதுல ஒருத்தர் வந்து உக்காந்தாரு.

அவரு சார்லி ஆண்ட்ரூ. ஆல்ட்-ஜேங்கிற இங்கிலாந்து பேண்டோட மொத ஆல்பத்துக்கு புரொட்யூசர், அந்த ஆல்பம் 2012-ல மெர்க்குரி பிரைஸ் வாங்குச்சு. வீட்டுக்கு வந்து டெமோ எல்லாம் கேட்டுட்டு, இந்த இடத்துல எதுக்கு கிட்டார் சோலோ, எல்லாப் பாட்டும் ஏன் அப்படியே தேஞ்சு தேஞ்சு முடியுது, சிலதாவது சட்டுனு நிக்கக்கூடாதான்னு கேட்டிருக்காரு. கிட்டார் சோலோக்காகவே உலகம் கொண்டாடுற ஒரு மனுஷன்கிட்ட இதக் கேக்குறதுக்கு எவ்வளவு தைரியம் வேணும் பாருங்க! பிங்க் ஃபிளாய்ட் சரித்திரம் ஆண்ட்ரூவுக்கு பெருசா தெரியவும் தெரியாது, அதனால பயமும் இல்ல. கில்மோர் இத பல பேட்டில சந்தோஷமாத்தான் சொல்றாரு. 78 வயசுல ஒரு ஆளு தன்ன கேள்வி கேக்க இன்னொருத்தர கூப்ட்டு உக்கார வச்சிருக்காருன்னா எனக்கு அதுவே பெரிய விஷயம்.

அதோட விளைவு காதுல விழுது. ஆல்பம் 2024 செப்டம்பர் 6 வந்துச்சு, ஒன்பது பாட்டு, போனஸ் இல்லாம பாத்தா முக்கால் மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிரும். டிரம்ஸ் எல்லாப் பாட்டுலயும் ஒரே மாதிரி மெத்து மெத்துன்னு உக்காந்துக்கல. ஸ்டீவ் கேட் மாதிரி ஒரு மூத்த கை சில பாட்டுல, ஆடம் பெட்ஸ் மாதிரி ஒரு துடிப்பான கை வேற பாட்டுல. 'தி பைப்பர்ஸ் கால்' சின்னதா யுகுலேலேல ஆரம்பிச்சு கடைசில முழு எலக்ட்ரிக் சோலோல போய் நிக்குது. வில் கார்ட்னர் பண்ண ஸ்ட்ரிங்ஸும் கோரஸும் பாட்டு மேல பாகு மாதிரி ஊத்தல, தேவையான இடத்துல வந்துட்டு ஒதுங்கிக்குது.

'சோலோ கம்மி'ன்னு சொல்றவங்களுக்கு என் பதில் 'ஸ்கேட்டர்ட்'. ஆல்பத்தோட கடைசிப் பாட்டு. இதயத்துடிப்பு சத்தத்துல ஆரம்பிக்குது, 'டார்க் சைட்' ஆரம்பிக்கிற அதே யோசனை, ஆனா இது வயசான மனுஷனோட துடிப்பு, வரிகளும் காலம் ஓடிப்போறதப் பத்தித்தான். வரிகள்ல அவரோட மனைவி பாலி சாம்சன், மகன் சார்லி, அவரு, மூணு பேருக்கும் பங்கு இருக்கு. பாதிப் பாட்டுக்கு மேல சோலோ வருது, அத மொதல்ல அகூஸ்டிக்ல வாசிக்கிறாரு. அகூஸ்டிக் கம்பிய அந்த அளவுக்கு வளைக்க முடியாது, நோட்டும் சீக்கிரம் செத்துப் போயிரும், அதனால அவரு சொல்ல வந்தது பாதிலயே நிக்கிற மாதிரி இருக்கும். அப்புறம் எலக்ட்ரிக் உள்ள வரும்போது அதே பேச்சு இப்ப நீளமா, மூச்சு விடாம. சும்மா எலக்ட்ரிக்க மட்டும் வச்சிருந்தா நல்ல சோலோன்னு கடந்து போயிருப்போம். முன்னாடி அந்த அகூஸ்டிக் இருக்கறதாலதான் தொண்டை அடைக்குது.

நான் வாரக்கடைசில ஸ்ட்ராட் (கில்மோர் வாசிக்கிற அதே ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார்) வாசிக்கிறவன், அதனால இந்த வளைக்கிற விஷயத்தக் கொஞ்சம் கிட்ட போய் சொல்றேன். அவரு சோலோவ நோட்டு நோட்டா எழுதிப் பாத்தீங்கன்னா ரொம்ப சிம்பிளா இருக்கும், ஆறு மாசம் கத்துக்கிட்ட பையன் கூட அந்த இடத்துல விரல வச்சிருவான். ஆனா வாசிச்சா வராது. அவரு ஒரு ஃபிரெட்ல அடிச்சு, கம்பிய ஒரு முழு டோன் மேல தள்ளி, அங்க நிறுத்தி, அந்த நோட்டு நல்லா ஊறின அப்புறம் இன்னும் கொஞ்சம் மேல தள்ளுவாரு. வீணைல ஒரே மெட்டுல கம்பிய இழுத்து இழுத்து அடுத்தடுத்த ஸ்வரத்தக் காட்டுவாங்களே, நம்ம காதுக்கு அது பழக்கம், அதனாலதான் ராக்கே கேக்காத நம்மாளுங்களுக்குக் கூட கில்மோர் சட்டுனு ஒட்டிக்கிறாருன்னு நான் நினைக்கிறேன். அவரு ஸ்ட்ராட்ல போடுற கம்பி, தடிமன் கணக்குல மேல பத்து கேஜ்ல ஆரம்பிச்சு கீழ 48 வரைக்கும் போற செட்டு, அதே செட்ட நானும் போட்டுப் பாத்தேன். மேல தள்ளின நோட்ட சுருதி பிசகாம அங்கயே நிறுத்துறதுக்கே விரல் நுனி எரிஞ்சிருச்சு. அதுக்கு மேல நடுக்கத்த விரல்ல மட்டும் குடுக்காம, சுருதிய ஏத்தி இறக்க கிட்டார்ல இருக்குற வாமி பார்ங்கிற கைப்பிடிலயும் குடுக்குறாரு, அதனாலதான் அந்த நோட்டு மனுஷக் குரல் மாதிரி அலையுது.

இன்னொன்னு, அவரோட புகழ்பெற்ற கருப்பு ஸ்ட்ராட் இப்ப அவர்கிட்ட இல்ல. 2019 ஜூன்ல கிறிஸ்டீஸ் ஏலத்துல 39 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்குப் போச்சு, அன்னைக்கு வித்த கிட்டார் காசு மொத்தமும் கிளையண்ட்எர்த்ங்கிற சுற்றுச்சூழல் அமைப்புக்குக் குடுத்துட்டாரு. அந்த கிட்டார் இல்லாமலே இந்த ஆல்பத்துல அதே குரல் வருது.

சரி, பொண்ணு விஷயம். ரோமனி கில்மோர் பாடுற 'பிட்வீன் டூ பாயிண்ட்ஸ்' கில்மோர் எழுதினது இல்ல, மான்ட்கோல்ஃபியர் பிரதர்ஸ்ங்கிற அதிகம் வெளிய தெரியாத ஒரு ஜோடியோட 1999 பாட்டு. அடி வாங்கி அடி வாங்கி இனி எதிர்க்கத் தெம்பில்லன்னு விட்டுட்ட ஒரு ஆளோட பாட்டு அது. அத ஜெயிச்சு முடிச்ச ஒரு பெரிய மனுஷன் கம்பீரமான குரல்ல பாடினா யாரு நம்புவா? ரோமனி அத எந்த அலங்காரமும் இல்லாம, பேசுற மாதிரி பாடுறாங்க, அவங்க வாசிக்கிற ஹார்ப்பும் இருக்கு, கடைசில அப்பா கிட்டார்ல வந்து பதில் சொல்றாரு. சொந்தக்காரங்கன்னு வாய்ப்புக் குடுத்துட்டாருன்னு சொல்றது ஈசி, நான் மூணு தடவை கேட்டதுக்கு அப்புறம் இந்த ஆல்பத்துல 'ஸ்கேட்டர்ட்'க்கு அடுத்த இடத்த இதுக்குத்தான் குடுத்தேன். 2020 லாக்டவுன்ல வீட்லேந்து குடும்பமா பாடிக் காட்டினாங்களே, அப்பவே ரெண்டு குரலும் ஒரே மரத்துல வெட்டின பலகை மாதிரி பொருந்துறது தெரிஞ்சிருச்சு, அந்த வருஷம் வந்த 'யெஸ், ஐ ஹேவ் கோஸ்ட்ஸ்' இதுல போனஸா இருக்கு, அதையும் கேளுங்க.

குறையே இல்லையான்னா இருக்கு. 'எ சிங்கிள் ஸ்பார்க்' எனக்கு இன்னும் பிடிபடல, ஆரம்பிச்ச இடத்துலயே சுத்துது. குரல் தேஞ்சிருக்கு, மேல போற இடத்துல நூல் மாதிரி ஆயிடுது. ஆனா மரணத்தப் பத்தி இவ்வளவு பாடுற ஆல்பத்துல அந்தத் தேய்மானம் தப்பாத் தெரியல.

இப்ப பழசு. 1978-ல வந்த மொத ஆல்பம், அவர் பேருலயே. தெற்கு பிரான்ஸ்ல சூப்பர் பேர் ஸ்டூடியோ, பேஸ் ரிக் வில்ஸ், டிரம்ஸ் வில்லி வில்சன், ரெண்டு பேரும் ஃபிளாய்டுக்கு முந்தின காலத்து பழைய கூட்டாளிங்க. கேக்கும்போதே மூணு பேரு நிம்மதியா வாசிக்கிறது தெரியும், 'மிஹாலிஸ்' மாதிரி இன்ஸ்ட்ருமென்டல் எல்லாம் வெயில்ல காலாட்டிக்கிட்டு உக்காந்த மாதிரி. கேக்க சுகம், ஆனா யாரும் யாரையும் எதுவும் கேக்கல. இதுக்கு நல்ல சாட்சி என்னன்னா, அந்த ரெக்கார்டிங் முடியுற சமயத்துல அவருக்கு ஒரு டியூன் வந்துச்சு, வார்த்தை இல்லாம டெமோ மட்டும் போட்டு வச்சாரு, ஆல்பத்துல சேக்க நேரமில்ல. அது அடுத்த வருஷம் 'தி வால்'க்குப் போச்சு, வாட்டர்ஸ் வரி எழுதினாரு, அந்த ஆல்பத்தோட புரொட்யூசர்கள்ல ஒருத்தரான பாப் எஸ்ரின் ஆர்க்கெஸ்ட்ரா பக்கம் இழுத்தாரு, எந்த வெர்ஷன வைக்கிறதுன்னு பெரிய சண்டை, கடைசில ரெண்டு வெர்ஷன்லேந்தும் துண்டு எடுத்து ஒட்டி சமரசம் பண்ணாங்க. அந்தப் பாட்டுதான் 'கம்ஃபர்டபிளி நம்ப்'. அது மட்டும் சண்டை போட ஆளில்லாத அந்த 1978 ஆல்பத்துல வந்திருந்தா இன்னொரு அழகான பாட்டு, அவ்வளவுதான் ஆகியிருக்கும். அதே ஆல்பத்துல 'ஷார்ட் அண்ட் ஸ்வீட்'ட கேட்டுட்டு உடனே 'தி வால்'ல இருக்குற 'ரன் லைக் ஹெல்' போட்டுப் பாருங்க, கார்டு போற விதத்துலயே ஒறவு தெரியும்.

1984 'அபௌட் ஃபேஸ்'. இங்க என் கணக்கு கொஞ்சம் இடிக்குதுன்னு நீங்க சொல்லலாம், ஏன்னா கேள்வி கேக்குற ஆளு இருந்தாரு, அதே எஸ்ரின். தி ஹூ பேண்டோட பீட் டவுன்ஷெண்ட் ரெண்டு பாட்டுக்கு வரி எழுதினாரு, டிரம்ஸ் ஜெஃப் போர்க்காரோ, பேஸ் பினோ பல்லடினோ, டீப் பர்பிள் கீபோர்ட் கலைஞர் ஜான் லார்ட் கூட இருக்காரு. இவ்வளவு பேரு இருந்தும் எனக்கு இது கடைசி இடம்தான். ஃபிளாய்ட் உடையிற நேரம், அவரு அன்னைக்கு ரேடியோல ஓடினத துரத்திக்கிட்டு ஓடினாருன்னு தோணுது, டிரம்ஸ் சத்தமே அந்த வருஷத்த சொல்லிக் குடுத்துரும். 'மர்டர்' மட்டும் விடாதீங்க, ஜான் லென்னன் கொலைய மனசுல வச்சு எழுதினது, பல்லடினோவோட ஃபிரெட்லெஸ் பேஸ் உள்ள வந்து வளையிற இடம் அருமை.

அப்புறம் 22 வருஷம் சோலோ ஆல்பம் கிடையாது. நடுவுல 1987-லயும் 1994-லயும் ஃபிளாய்ட் பேருல ஆல்பம் வந்துச்சு. 2006 மார்ச் 6, அவரோட 60-வது பிறந்தநாள் அன்னைக்கு 'ஆன் அன் ஐலண்ட்' வந்துச்சு. இதப் பத்தித்தான் ரசிகர்களுக்குள்ள அதிகம் அடிதடி. மெதுவா இருக்கு, தாலாட்டு மாதிரி இருக்குன்னு ஒரு பக்கம். உண்மைதான், மெதுவாத்தான் இருக்கு. ஆனா போலந்து இசையமைப்பாளர் ப்ரைஸ்னர் பண்ண ஸ்ட்ரிங்ஸ், டைட்டில் பாட்டுல டேவிட் கிராஸ்பியும் கிரஹாம் நாஷும் பின்னாடி பாடுறது, அதுல ஹேமண்ட் ஆர்கன்ல ஃபிளாய்டோட கீபோர்ட் கலைஞர் ரிச்சர்ட் ரைட். ரைட் வாட்டர்ஸ் மாதிரி சண்டை போடுற ஆளு கிடையாது. ஆனா கில்மோர் ஒரு லைன் வாசிச்சா அதுக்கு கீபோர்ட்ல ஒரு பதில் வரும், அந்த பதில் கில்மோர வேற எங்கயாவது கூட்டிட்டுப் போகும். எதிர்க்கேள்வி கேக்க எல்லா நேரமும் வாய் வேணும்னு இல்லையே.

இத நேருல பாக்கணும்னா அந்த டூரோட கடைசி நிகழ்ச்சி, 2006 ஆகஸ்ட்ல போலந்துல குதான்ஸ்க் கப்பல் கட்டுற தளத்துல வாசிச்சது, 'லைவ் இன் குதான்ஸ்க்'. அதுல ஃபிளாய்டோட பழைய நீளமான பாட்டு 'எக்கோஸ்' இருக்கு, நடுவுல கிட்டாரும் கீபோர்டும் ஒன்னுக்கொன்னு பேசிக்கிட்டே போகும். அந்த ரெக்கார்டிங் கடைக்கு வந்தது 2008 செப்டம்பர் 22. ரைட் புற்றுநோய்ல இறந்தது செப்டம்பர் 15. ரைட் இல்லாம 'எக்கோஸ்' வாசிக்க மாட்டேன்னு கில்மோர் சொல்லிட்டாரு, வாசிக்கவும் இல்ல.

2015 'ராட்டில் தட் லாக்' எனக்கு கலவையான ஆல்பம். டைட்டில் பாட்டோட ஆரம்ப நாலு நோட்டு பிரெஞ்சு ரயில்வே அறிவிப்புக்கு முன்னாடி வர்ற மணிச்சத்தம், ஏக்ஸ் ஸ்டேஷன்ல நின்னுக்கிட்டு ஃபோன்ல பதிவு பண்ணாரு. யோசனை நல்லாருக்கு, பாட்டு ரெண்டு நிமிஷத்துக்கு அப்புறம் சலிக்குது. கூட புரொட்யூஸ் பண்ணது ராக்ஸி மியூசிக் பேண்டோட கிட்டாரிஸ்ட் ஃபில் மான்சனேரா, நல்ல நண்பர், நல்ல கலைஞர், ஆனா கைய புடிச்சு நிறுத்தின மாதிரி தெரியல. இதுல ரெண்டு பாட்ட மட்டும் கண்டிப்பா எடுத்துக்கோங்க. 'இன் எனி டங்' ஒன்னு, 'எ போட் லைஸ் வெய்ட்டிங்' இன்னொன்னு. ரெண்டாவது ரைட்டுக்காகப் பண்ண பாட்டு, அவரு பேசுற குரலும் அதுல ஒரு துளி வரும்.

வாட்டர்ஸ் இருந்தா எப்படி இருந்திருக்கும்னு எல்லா விவாதமும் கடைசில அங்கதான் போய் நிக்குது. வரிகள்ல வாட்டர்ஸ் கூர்மை பாலிகிட்ட இல்ல, அத ஒத்துக்குறேன். ஆனா 1994-லேந்து அவங்க கில்மோருக்கு எழுதுறாங்க, இந்த ஆல்பத்துலதான் அவரு வாய்க்கு அந்த வரி முழுசாப் பொருந்துது. 'டார்க் அண்ட் வெல்வெட் நைட்ஸ்' கல்யாண நாளுக்கு அவங்க அவருக்கு எழுதிக் குடுத்த கவிதை. அதுல வாட்டர்ஸ் கோபத்தத் தேடினா எப்படி கிடைக்கும்.

வரிசை கேட்டீங்களே. மொதல்ல 'லக் அண்ட் ஸ்ட்ரேஞ்ச்' முழுசா, நடுவுல நிறுத்தாம. அப்புறம் 'ஆன் அன் ஐலண்ட்', அது முடிஞ்ச கையோட குதான்ஸ்க். ரைட் எப்படி வாசிப்பாருன்னு காது பழகினதுக்கு அப்புறம் 1978. 2015-ல அந்த ரெண்டு பாட்டு. இதெல்லாம் ரொம்பப் புடிச்சுப் போனா கடைசில 1984.

குதான்ஸ்க் கேட்டு முடிச்சதும் ஒரு தடவை புது ஆல்பத்துக்குத் திரும்பி வாங்க. கடைசில போனஸா ஒரு ஜாம் வச்சிருக்காங்க, சுமார் 14 நிமிஷம். 2007-ல அவரு வீட்டுக் களஞ்சியத்துல கில்மோர், ரைட், பேஸ்ல கை பிராட், டிரம்ஸ்ல ஸ்டீவ் டிஸ்டானிஸ்லாவோ நாலு பேரும் சும்மா உக்காந்து வாசிச்சது. அந்த வாசிப்பத்தான் பல வருஷம் கழிச்சு எடுத்து, மேல வரி போட்டு, டைட்டில் பாட்டா மாத்தினாங்க, போருக்குப் பின்னாடி பொறந்த தலைமுறைக்கு கிடைச்ச அதிர்ஷ்டத்தப் பத்தின பாட்டு. நான் மொதல்ல பாட்டக் கேட்டுட்டுதான் ஜாமுக்கு வந்தேன், நீங்க தலைகீழா பண்ணுங்க, மொதல்ல ஜாம். கில்மோர் ஒரு சின்ன ரிஃப்ப திரும்பத் திரும்ப வாசிக்கிறாரு, எங்க போறதுன்னு தெரியாம. ரைட் அவசரப்படாம கீபோர்ட்ல ரெண்டு கார்ட வச்சுட்டு காத்திருக்காரு. அப்புறம் பாட்டப் போட்டீங்கன்னா, ஆல்பம் வர்றதுக்கு 16 வருஷம் முன்னாடியே செத்துப்போன மனுஷன் அதே இடத்துல அதே மாதிரி காத்திருக்கிறது கேக்கும்.